பழைய பாப் பத்திரிகை சேர்க்கிறவங்க கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

80கள்ல வந்த பிரிட்டிஷ் பாப் பத்திரிகைகளை ரொம்ப வருஷமா சேர்க்கிறேன், வீட்ல திட்டு வாங்கிக்கிட்டேதான். இந்த வாரம் வந்த கேள்விகள் இது.

கே: அண்ணா, ஸ்மாஷ் ஹிட்ஸுக்கு மட்டும் ஏன் இவ்ளோ மவுசு?

ப: பாட்டு வரி! 1978ல நிக் லோகன் ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி என்எம்இன்னு ஒரு பிரிட்டிஷ் மியூசிக் பத்திரிகைக்கு எடிட்டரா இருந்தவர். ஹிட் பாட்டு வரிகளை அப்படியே அச்சடிச்சாங்க, நம்ம ஊர் தியேட்டர் வாசல்ல பாட்டுப் புஸ்தகம் வாங்கி மனப்பாடம் பண்ணோமே அதே கதைதான், இங்க கலர் போஸ்டரும் சேர்த்து. 2006ல நின்னுபோச்சு.

கே: பெட் ஷாப் பாய்ஸ் பாடகர் அதுல வேலை பார்த்தாராமே?

ப: நீல் டெனன்ட், ஆமா. 1983ல போலீஸ் பேண்டைப் பேட்டி எடுக்க நியூயார்க் போனவர் அப்படியே பாபி ஓர்லாண்டோன்னு ஒரு ப்ரொட்யூசரையும் பார்த்துட்டார், 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' முதல் வெர்ஷன் அவரோடதான் பண்ணாங்க. 1985ல வேலையை விட்டார், 1986 ஜனவரில அதே பாட்டோட புது வெர்ஷன் நம்பர் ஒன். அவர் பேர் போட்ட ரிவ்யூ இருக்கிற இதழ் கிடைச்சா விடாதீங்க.

கே: ஃப்ளெக்ஸிபாப் ஒரு கட்டு கிடைச்சிருக்கு சார், ரெக்கார்ட் மட்டும் இல்ல. வாங்கலாமா?

ப: அடிமாட்டு விலைன்னா வாங்குங்க. அந்தப் பத்திரிகையோட உயிரே அட்டைல ஒட்டி வந்த வளையுற ரெக்கார்ட்தான், 1981ல டெபேஷ் மோட் பாட்டுகூட அப்படி வந்துச்சு. ரெக்கார்டோட கிடைச்சா, ஓட்டும்போது சறுக்கும், மேல ஒரு காசு வைங்க.

கே: மறந்துபோன பேண்ட்ல உங்க ஃபேவரைட்?

ப: ஸ்டம்ப். யாருன்னு கேப்பீங்க, அதான் விஷயமே. 1986ல என்எம்இ சி86னு ஒரு கேசட் விட்டாங்க, 22 பேண்ட், ஆளுக்கு ஒரு பாட்டு. ப்ரைமல் ஸ்க்ரீம், வெட்டிங் ப்ரெசென்ட் எல்லாம் அதுல இருந்து பெரிய ஆளாயிட்டாங்க, ஸ்டம்ப், பாக்‌ஷெட், மைட்டி லெமன் ட்ராப்ஸ் எல்லாம் பழைய பேட்டிகள்லதான் இன்னும் இருபது வயசோட உலகத்தையே பிடிக்கப் போற மாதிரி பேசிட்டிருக்காங்க, அதைப் படிக்கத்தான் நான் சேர்க்கிறதே, விலை ஏறுறது எல்லாம் அப்புறம்.

கே: அந்தக் காலத்துல நம்ம மாதிரி முகம் ஏதாவது வந்துச்சா அண்ணா?

ப: மான்சூன் பேண்ட் ஷீலா சந்திரா. 1982ல 'எவர் ஸோ லோன்லி' பிரிட்டன்ல 12வது இடம் வரைக்கும் போச்சு, அப்போ அவங்க டீன் ஏஜ் பொண்ணு. அந்த வருஷ இதழ்கள்ல தேடிப் பாருங்க.

கே: பக்கம் மஞ்சளாகுது, கிழிஞ்ச இடத்துல டேப் ஒட்டலாமா?

ப: ஐயோ வேணாம்மா! நான் சின்ன வயசுல ஒட்டின டேப் பசை இப்ப பிரவுன் கறையா எழுத்தையே தின்னுட்டு நிக்குது. மலிவு பேப்பர்ல ஆசிட் இருக்கும், மஞ்சளாகத்தான் செய்யும், வெயிலும் ஈரமும் படாம வச்சா மெதுவாகும். பாலிப்ராப்பிலீன் கவர் வாங்குங்க, பிவிசி ஆகாது. நடுவுல பின் துருப்பிடிச்சிருந்தா மெதுவா எடுத்துடுங்க.

கே: கிறுக்கின இதழ் வேஸ்ட்டா?

ப: விலை குறையும். ஆனா என்கிட்ட இருக்கிற 1983 இதழ்ல யாரோ காஜகூகூ பாடகர் லிமாலுக்கு பென்சில்ல முறுக்கு மீசை வரைஞ்சு வச்சிருக்காங்க, ரப்பர் கையில எடுத்து ரெண்டு தடவை கீழ வச்சுட்டேன்.