வெளிநாடு போகிறவர்களுக்கு: விசாவும் பணமும்

கேள்வி: முதல் முறையாக வெளிநாடு போகிறேன். விசா கிடைத்துவிட்டது, இனி தடை இருக்காதுதானே? பணத்தை எப்படிக் கொண்டுபோவது?

பதில்: விசா இருந்தாலும் உள்ளே விடுவதா என்பதை இறங்கும் இடத்தில் குடிவரவு அதிகாரிதான் முடிவு செய்வார். திரும்பும் டிக்கெட், தங்குமிட முகவரி இரண்டையும் காகிதத்தில் வைத்துக்கொள்ளுங்கள், போனில் சார்ஜ் அந்த நேரம் பார்த்துத்தான் தீரும். அப்புறம் பாஸ்போர்ட்: பல நாடுகள் 6 மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்கின்றன. ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்), அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் போதும், ஆனால் பாஸ்போர்ட் வழங்கி 10 ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது.

சரி, பணம். முதல் நாள் செலவுக்கு ரொக்கம், மீதிக்கு இரண்டு கார்டு, வெவ்வேறு பையில். ஏடிஎம்மிலோ கடையிலோ "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா?" என்று திரையில் கேட்கும், வசதியாகத்தான் தெரியும், ஆனால் சரி என்று அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தை நடத்துபவர்கள் தங்கள் லாபத்தையும் சேர்த்தே வைப்பார்கள், அதனால் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். 'கமிஷன் இல்லை' என்று பலகை மாட்டிய நாணயமாற்றுக் கடையிலும் கமிஷன் பெரும்பாலும் விகிதத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.