பிரிப்பது நான் மட்டும்தானா?

கேள்வி: குப்பையைப் பிரிக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் பிரிப்பது நான் மட்டும். ‘கடைசியில் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுவார்கள்’ என்கிறார் கணவர். நான் செய்வது வீண் வேலையா?

பதில்: வீண் இல்லை. ஆனால் அவர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. பிரித்ததை ஒன்றாகக் கொட்டுவதைக் கண்ணால் பார்த்தவருக்கு மறுநாள் கை ஓடாது. அதனால் ஈரக் குப்பையை வண்டிக்கே அனுப்பாதீர்கள்; வீட்டிலேயே ஒரு வாளியில் போட்டு உரமாக்குங்கள். ஈரக் குப்பை குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகினால் அதிலிருந்து மீத்தேன் வரும். 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது.

நானும் இதில் தோற்றவன்தான். பால்கனியில் வைத்த உர வாளியில் காய்கறித் தோலை மட்டும் போட்டுக்கொண்டே வந்தேன். பத்தாம் நாள் புழு, நாற்றம். வீட்டில் ஒரு வாரம் என்னோடு பேச்சு இல்லை! தவறு என்னுடையது: நைட்ரஜன் நிறைந்த ஈரக் கழிவுக்குத் துணையாகக் கார்பன் வேண்டும். ஒரு கை தோலுக்கு இரண்டு மூன்று கை காய்ந்த இலை அல்லது கிழித்த அட்டை போட்டதும் நாற்றம் அடங்கியது. பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். வாரம் இருமுறை கிளறிவிட்டு, வாளியின் பக்கங்களில் துளை போட்டு வையுங்கள்.

சரி, மற்றவர்களை எப்படி இழுப்பது? பேசிப் பயனில்லை. காய் நறுக்கும் இடத்திலேயே ஈரத்துக்கும் உலர்ந்ததற்கும் இரண்டு கூடைகளை ஒட்டி வையுங்கள். என் மகன் பிரிக்கத் தொடங்கியது அப்படித்தான். பால்கனி வரை நடக்க அவனுக்குச் சோம்பல்.