திதிய தள்ளி வெக்க முடியுமா?

கடிதம்:

வணக்கம் சார், மெல்பர்ன்ல இருந்து எழுதுறேன். இந்த ஜனவரி 26, ஆஸ்திரேலியா தினத்தன்னிக்குதான் எனக்கும் வீட்டுக்காரிக்கும் சிட்டிசன்ஷிப் கெடச்சுது. விழா முடிஞ்சு ட்ராம்ல வரும்போது சிட்டில கறுப்பு டிஷர்ட் போட்டு பெரிய கூட்டம், துக்க நாள்னு போர்டு புடிச்சிருந்தாங்க. பூர்வகுடி மக்களோட வலி புரியுது, ஆனா ஊரே சந்தோஷமா இருக்குற நாள்லதான் செய்யணுமா, வேற நாள் வெச்சுக்கலாமே?

பதில்:

வாழ்த்துகள், ரெண்டு பேருக்கும்.

நம்ம வீட்ல அப்பாவோட திதி வர்ற அன்னிக்கு பக்கத்து வீட்ல விசேஷம்னா திதிய தள்ளி வெப்போமா? இங்க விசேஷமும் சாவும் ஒண்ணேதாங்க. 1788 ஜனவரி 26ல பிரிட்டிஷ் கப்பல்களோட வந்த ஆர்தர் பிலிப் சிட்னி கோவ்ல கொடி ஏத்துனதத்தான் நாடு கொண்டாடுது, அவங்க மண்ணு கைய விட்டுப் போக ஆரம்பிச்சதும் அன்னிக்கேதான்.

துக்க நாள்ங்கற யோசனைய சொன்னவரு உங்க ஊருக்காரர். ஃபுட்ஸ்க்ரேல இருந்த வில்லியம் கூப்பர், யோர்ட்டா யோர்ட்டாங்கற பூர்வகுடி மக்கள்ல ஒருத்தர், அப்பவே எழுபது வயசத் தாண்டிட்டார். 1938ல 150வது வருஷம்னு சிட்னியே திருவிழாவா இருந்துச்சு. பிலிப் வந்து எறங்குனத நடிச்சுக் காட்டணும், சிட்னி பூர்வகுடித் தலைவர்கள் வர மாட்டோம்னுட்டாங்க, அதனால தொலைவுல இருக்குற மெனிண்டீங்கற ஊர்ப் பக்கத்துலேர்ந்து பூர்வகுடி ஆளுங்கள கூட்டிட்டு வந்து ரெட்ஃபெர்ன் போலீஸ் குதிரை லாயத்துல பூட்டி வெச்சு, வெள்ளக்காரனப் பாத்து கரையில பயந்து ஓடுற மாதிரி ஓட விட்டாங்க. இத மொதத் தடவ படிச்சப்போ அதுக்கு மேல என்னால படிக்க முடியல.

அதே நாள் திருவிழா ஊர்வலம் போய் முடியற வரைக்கும் காத்திருந்து, சுமார் நூறு பூர்வகுடி மக்கள் சிட்னி எலிசபெத் ஸ்ட்ரீட் ஆஸ்திரேலியன் ஹால்ல கூடுனாங்க, அதுவும் பின்வாசல் வழியா. பூர்வகுடித் தலைவர் ஜாக் பேட்டன் தீர்மானத்த வாசிச்சார். என்ன கேட்டாங்க தெரியுமா? முழு குடியுரிமை. அந்த மாசம் பேட்டனும் இன்னொரு தலைவர் வில்லியம் ஃபெர்குசனும் போட்ட சின்ன புத்தகத்தோட தலைப்பே பூர்வகுடிகள் குடியுரிமை கேக்குறாங்கங்கறதுதான். சொந்த மண்ணுல, அதே தேதியில. இத உங்கள குத்திக்காட்ட சொல்லல, உங்க கையில இருக்குற சர்டிஃபிகேட்டுக்கு நீங்க உழைச்சது எனக்குத் தெரியும்.

அமெரிக்காவுலயும் இதே கதைதான், 1970லேர்ந்து தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்னிக்கு, இங்கிலாந்துலேர்ந்து வந்தவங்க குடியேறுன பிளிமத் ஊர்ல, அந்தப் பகுதி பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்கள் முன்ன நின்னு துக்க நாள் அனுசரிக்கறாங்க. வேற நாள்ல அழுதா யாரு சார் திரும்பிப் பாப்பா? 2022 செப்டம்பர் 22ல எலிசபெத் ராணிக்கு தேசிய துக்க நாள்னு ஆஸ்திரேலியா முழுக்க லீவு விட்டாங்க, அன்னிக்கு பூர்வகுடி மக்கள் தெருவுக்கு வந்து முடியாட்சி வேண்டாம்னு போராடுனாங்க, ராணிக்கு ஒரு நாடே அழலாம்னா எங்க செத்தவங்களுக்கு எந்த நாள்னு அவங்க கேக்கலாமில்ல.

ஃபுட்ஸ்க்ரே ஸ்டேஷன்ல ஒரு நடைபாலத்துக்கு கூப்பர் பேரு வெச்சிருக்காங்க, ஒரு தடவ ஏறி நடந்துட்டு வாங்க. அடுத்த ஜனவரில பார்லிமென்ட் படிக்கட்டு கிட்ட அந்தக் கூட்டம் சேரும்போது ட்ராம்லேர்ந்து எறங்கி ஓரமாவாவது நில்லுங்க, வீட்ல அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.