நோட்டை மூடிவிட்டுப் படியுங்கள்

வணக்கம் அக்கா,

நர்ஸிங் முடித்துவிட்டு ராயபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். ஜெர்மனி போவதற்காக ஜெர்மன் படிக்கிறேன், இப்போது பி1 என்ற இடைநிலைக்கு வந்திருக்கிறேன். டியூட்டி முடிந்து வந்து தினமும் ஐம்பது வார்த்தைகளை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் பாதிக்கு மேல் காணோம். எனக்கு ஞாபகசக்தி கம்மியா?

எஸ்., தண்டையார்பேட்டை

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஞாபகசக்திக்கு ஒரு குறையும் இல்லை. ஜெர்மன் தேர்வு நடத்தும் கோத்தே இன்ஸ்டிட்யூட்டின் பி1 பட்டியலில் ஏறக்குறைய 2400 சொற்கள், தினம் 50 என்றால் ஒரு மண்டலத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். அந்தக் கணக்கில் மறதிக்கு இடமே இல்லை.

எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், அங்கேதான் ஏமாந்துபோகிறோம். கார்ப்பிக்கி, ரோடிகர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலி சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லை அதற்குப்பின் வாசிக்க மட்டும் செய்தவர்களுக்கு, ஒரு வாரம் கழித்து மூன்றில் ஒரு பங்கு சொற்கள்தான் நினைவில் இருந்தன. பார்க்காமல் சொல்லிச் சொல்லிப் பழகியவர்களுக்கு 80 சதவீதம். இதில் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிவது, எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் சொன்னார்கள், தனக்கு எது உதவுகிறது என்று படிக்கிறவருக்கே தெரிவதில்லை.

அதனால் நோட்டை மூடுங்கள். ஒரு நாளுக்குப் பதினைந்து சொல் போதும். அட்டையில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஜெர்மன். கோச்சிங் புத்தகத்தில் ஆங்கில அர்த்தம் போட்டிருந்தாலும் நீங்கள் தமிழிலேயே எழுதுங்கள், இரண்டு தடவை மொழிபெயர்க்கிற வேலை மிச்சம். தமிழைப் பார்த்து ஜெர்மனை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் திருப்ப வேண்டும். சரியென்றால் அந்த அட்டை முதல் பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போய் மூன்று நாள் கழித்து வரட்டும், அப்புறம் ஒரு வாரம் கழித்து. தவறினால் மறுபடி முதல் பெட்டி. இது செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் பரப்பிய முறை, ஆங்கி என்ற மொபைல் அட்டைச் செயலியும் பெட்டி இல்லாமல் இப்படி இடைவெளி விட்டு விட்டுத்தான் திரும்பக் கேட்கிறது. பெயர்ச்சொல் என்றால் அதன் பாலைக் காட்டும் டேர், டீ, டாஸ் இவற்றில் எது வருமோ அதையும் சேர்த்தே எழுதுங்கள், அதைப் பிறகு தனியாகப் படிப்பது பெரும்பாடு.

இன்னொன்று. சௌகார்பேட்டை கடைகளில் வேலை பார்க்கும் நம் பையன்கள் எந்த வகுப்புக்கும் போகாமல் ஹிந்தி பேசுவதைக் கேட்டிருப்பீர்கள், விலை கேட்கவும் பேரம் பேசவும் வேண்டிய பேச்சு முழு வாக்கியமாகவே அவர்கள் வாயில் இருக்கும். நீங்களும் உங்கள் வார்டிலிருந்து தொடங்குங்கள். 'எங்கே வலிக்கிறது?' என்பதற்கு 'வோ டூட் எஸ் வே?' என்று ஒரே அட்டையில் முழுசாக எழுதிக்கொள்ளுங்கள், நான்கு சொல்லும் சேர்ந்தே நிற்கும். தேர்வுப் பட்டியலை விட்டுவிடச் சொல்லவில்லை, அதிலிருந்து நோயாளியிடம் பேச உதவுகிற சொற்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

நைட் டியூட்டி வாரத்தில் புதுச் சொல் எதுவும் வேண்டாம். மெட்ரோவில் வரும்போது பழைய அட்டைகளை மட்டும் ஒரு சுற்று ஓட்டுங்கள். தேர்வு எப்போது என்று எழுதுங்கள்.