என்.எஸ்.சி. ஏரியாவில் ஒரு டிக்கெட்

அன்புள்ள ஐயா,

எனக்குக் குடியாத்தம். வேலூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சூப்பர்ஹீரோ படம் எடுக்கும் இரண்டு கம்பெனிகளில் எங்கள் வீட்டில் நான் டிசி பக்கம், தம்பி மார்வெல் பக்கம். டிசியின் ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற படம். அது தோல்விப் படம் என்று தம்பி தினமும் குத்திக்காட்டுகிறான். 87 கோடி டாலர் வசூலித்த படம் எப்படித் தோல்வி ஆகும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். 2019-இல் மார்வெலின் ‘எண்ட்கேம்’ படத்தை எங்கள் ஊரிலேயே அம்மாவோடு தமிழில் பார்த்தோம். அம்மா தீப்பெட்டி கம்பெனி வேலைக்குப் போகிறவர். படம் முடிந்து அழுதுவிட்டார். இதைக் கல்லூரியில் சொன்னபோது, டப்பிங்கில் பார்த்ததெல்லாம் கணக்கிலேயே வராது என்று சிரித்தார்கள். அடுத்த படத்துக்கு அம்மாவை எந்த மொழிக்கு அழைத்துப் போவது என்று இப்போது வீட்டில் சண்டை.

கே.

அன்புள்ள கே.,

கணக்கில் வராது என்றார்கள் அல்லவா, அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த ஒரு வரிதான்.

சினிமா வியாபாரத்தில் தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சென்னை சிட்டி, கோவை, மதுரை, சேலம், திருச்சி-தஞ்சை, நெல்லை-குமரி. நம்முடையது என்.எஸ்.சி. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றையும் சேர்த்து வைத்த பெயர் அது. வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. அப்புறம் அந்தப் பெயரும் போய் வேலூர் மாவட்டம் ஆனது. 2019-இல் அதுவும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. மாவட்டப் பட்டியலில் இல்லாத வட ஆற்காடு விநியோகஸ்தர்களின் பேச்சில் இன்னும் இருக்கிறது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

தியேட்டரில் தினமும் டி.சி.ஆர். என்று ஒரு தாள் போடுவார்கள். எந்தக் காட்சி, எந்த வகுப்பு, எத்தனை டிக்கெட், வரி எவ்வளவு, கையில் எவ்வளவு, எல்லாம் அதில் ஏறும். ‘எண்ட்கேம்’ இந்தியாவில் ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு என நான்கு மொழிகளில் வந்தது. உலகம் முழுக்க 279 கோடி டாலர் என்று சொல்கிறார்களே, அந்தத் தொகை இப்படிப்பட்ட தாள்களைக் கூட்டிக் கூட்டித்தான் வந்தது. குடியாத்தத்தில் உங்கள் அம்மா வாங்கிய டிக்கெட்டும் அதற்குள் இருக்கிறது. கல்லூரி நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் 87 கோடிக்கு வருகிறேன். அது கிராஸ், அதாவது டிக்கெட் கவுண்டரில் விழுந்த மொத்தப் பணம். அதில் வரி போகும், தியேட்டரின் பங்கு போகும். பிறகு படக் கம்பெனி கைக்கு வருவதுதான் ஷேர். ஹாலிவுட் படங்களுக்கு அது ஏறக்குறைய பாதி. சீனாவில் கால்வாசிதான். படம் எடுக்கவே ஏறத்தாழ 25 கோடி டாலர் ஆனது, விளம்பரச் செலவு தனி. இத்தனைக்குப் பிறகும் அந்தப் படம் போட்ட பணத்தை முழுங்கிவிடவில்லை. ஆனால் பேட்மேனையும் சூப்பர்மேனையும் ஒரே படத்தில் மோதவிட்டு நூறு கோடி டாலரை எதிர்பார்த்தவர்களுக்கு அது குறைதான். தோல்வி என்ற சொல் அந்த ஏமாற்றத்திலிருந்து வந்தது.

உங்கள் தம்பி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 2016 மார்ச்சில் வெளியான அந்தப் படம் முதல் வார இறுதியில் அமெரிக்காவில் மட்டும் 16.6 கோடி டாலர் எடுத்தது. அடுத்த வார இறுதியில் ஏறக்குறைய 69 சதவீதம் விழுந்தது. முதல் வாரக் கூட்டம் போஸ்டரை நம்பி வருகிறது. இரண்டாவது வாரம் வருகிறவர்களைப் பார்த்தவர்கள் அனுப்பிவைக்க வேண்டும். அந்தப் படத்துக்கு அனுப்பிவைத்தவர்கள் குறைவு. வசூல் கணக்கில் ரசிகனுக்கு உபயோகமான எண் இதுதான் என்பேன். மற்றதெல்லாம் பணம் போட்டவர் பார்த்துக்கொள்ள வேண்டியது. ‘எண்ட்கேம்’ 2019 ஜூலையில் ‘அவதார்’ படத்தைத் தாண்டி உலகிலேயே முதலிடம் பிடித்தது. 2021 மார்ச்சில் ‘அவதார்’ சீனாவில் மறுபடி ரிலீஸாகி அந்த இடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அன்றைக்கு உங்கள் அம்மா அழுத அழுகையில் ஏதாவது குறைந்ததா?

தம்பி சண்டைக்கு வந்தால் நீங்கள் சொல்ல வேண்டிய வசூல் வேறொன்று இருக்கிறது. உங்கள் படத்தின் இயக்குநர் ஸாக் ஸ்னைடர் அடுத்து ‘ஜஸ்டிஸ் லீக்’ எடுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய மகள் தற்கொலை செய்துகொண்டாள். 2017-இல் அவர் பாதியில் விலகினார். வேறொருவர் முடித்துக் கொடுத்த படம் ஓடவில்லை. ஸ்னைடர் எடுத்ததை அப்படியே வெளியிடுங்கள் என்று ரசிகர்கள் வருடக்கணக்கில் கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் சிலர் வாய்க்கு வந்தபடி அடுத்தவர்களை ஏசினார்கள், அது தப்பு. ஆனால் அதே ரசிகர்கள் அந்தப் பெண்ணை நினைத்து, தற்கொலையைத் தடுக்கப் பாடுபடும் அமைப்புக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். 2021 மார்ச் 18 அன்று நான்கு மணி நேரப் படமாக அவர்கள் கேட்டது வந்தது. ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ இரண்டாவது வாரமே சரிந்தது என்று எழுதியவர்கள், ஐந்து வருடம் கழித்தும் அதன் ரசிகர்கள் இப்படிக் கூடி நிற்பார்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். எனக்கு இந்தச் செய்தியைப் படித்தபோது தொண்டை அடைத்தது.

டப்பிங்குக்கு வருகிறேன். ‘எண்ட்கேம்’ தமிழ் வசனம் ஏ.ஆர்.முருகதாஸ் எழுதியது. அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார், பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா. டிரெய்லர் வந்ததும் ரசிகர்கள் கொதித்தார்கள், நினைவிருக்கிறதா? அயர்ன் மேனுக்குப் பழைய குரலையே கொடுங்கள் என்றார்கள். விஜய் சேதுபதி மேல் அவர்களுக்கு வெறுப்பு எதுவும் கிடையாது. அந்தப் பழைய குரல் வருடக்கணக்காகத் தமிழில் கேட்டுப் பழகியது. அந்தக் குரலுக்கு உரியவர் எதிரே வந்து நின்றால் அவர்களில் பலருக்கு அடையாளம்கூடத் தெரியாது. முகம் தெரியாத ஒரு கலைஞனுக்காகத் தமிழ் ரசிகர்கள் சண்டை போட்டார்கள். ஆங்கிலத்தில் பார்க்கிறவனுக்கு அயர்ன் மேன் எவ்வளவு சொந்தமோ, தமிழில் பார்க்கிறவனுக்கும் அவ்வளவு சொந்தம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் அந்தப் படத்தை வேலூரில் பார்த்தேன், தமிழில்தான். அந்த ஏப்ரலில் தமிழ்நாடே ஓட்டுப் போட்டு முடித்திருந்தது. நம் தொகுதிக்கு மட்டும் தேர்தல் ரத்தாகி, ஊர் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. வெயிலோ சொல்லவே வேண்டாம். மத்தியானக் காட்சி. கடைசியில், போய்விட்டார்கள் என்று நினைத்தவர்களெல்லாம் ஒவ்வொருவராக ஒளி வட்டத்துக்குள்ளிருந்து வருவார்களே, அந்த இடத்தில் எனக்குப் பக்கத்துக் கதவு திறந்தது. வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுத்த பெரியவர் உள்ளே வந்து சுவரோரமாக நின்றார். கையில் கிழித்த டிக்கெட் கத்தைக்கு ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. திரையை அவர் பார்க்கவே இல்லை. ஆட்களைப் பார்த்தார். பையன்கள் சீட் மேல் ஏறி நின்று கத்துகிறார்கள், ஒரு அம்மா குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு தானும் கத்துகிறாள், அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது. வெளியே வரும்போது கேட்டேன். தினமும் எல்லாக் காட்சிக்கும் அந்த நேரத்துக்கு உள்ளே வந்துவிடுவாராம். “இங்க நிக்கசொல்லவே தெரிஞ்சிடும் சார், அடுத்த வாரம் எவ்ளோ பேர் வருவாங்கன்னு” என்றார்.

அம்மாவைத் தமிழுக்கே அழைத்துப் போங்கள். தம்பியிடம் இது என் தீர்ப்பு என்று சொல்லிவிடுங்கள். முதல் நாள் கூட்டத்தில் இடிபட வேண்டாம், வேலை இல்லாத நாளாகப் பார்த்து சாயங்காலக் காட்சிக்குப் போங்கள். அம்மாவை நடுவில் உட்கார வையுங்கள், நீங்கள் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். படம் முடிந்து அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.