இரண்டு மேனேஜர்கள் மோதிக்கொண்டால் யாரை அனுப்புவது?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். எங்கள் மெர்ச்சண்டைசிங் மேனேஜருக்கும் புரொடக்‌ஷன் மேனேஜருக்கும் ஆகவே ஆகாது. ஷிப்மென்ட் தள்ளிப்போனால் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுகிறார்கள். ஒருவரை அனுப்பிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த நாற்காலிக்குப் புதிதாக வருபவரும் இதே சண்டையைத்தான் போடுவார். பையரோடு பேசி லேபிள், பட்டனையெல்லாம் வரவழைக்கும் மெர்ச்சண்டைசிங் மேனேஜரிடம் பையர் சொன்ன தேதியைக் கேட்கிறீர்கள், இன்னொருவரிடம் இன்றைக்கு எத்தனை பீஸ் என்று கேட்கிறீர்கள். மோதல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

கடைசியாகத் தாமதமான ஆர்டரை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும்: துணி வந்து கட்டிங் முடிந்திருக்கும், லேபிள் வந்திருக்காது. தையல் லைனைச் சும்மா போட மனமில்லாமல் புரொடக்‌ஷன் மேனேஜர் வேறு ஸ்டைலை ஏற்றியிருப்பார். லேபிள் வந்து சேரும்போது லைன் காலியாக இருக்காது. தூத்துக்குடியில் கப்பலேற வேண்டிய சரக்கு விமானத்தில் போகும், செலவு உங்கள் தலையில். இதில் இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அதனால் இருவருக்கும் ஒரே கணக்கு வையுங்கள்: தேதிக்குள் போன ஷிப்மென்ட் எத்தனை, ஏர் ஃபிரெய்ட்டுக்குப் போன பணம் எவ்வளவு. இன்க்ரிமென்ட்டும் அதை வைத்துத்தான். சேர்ந்து சாப்பிட அழைத்துப் போனால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். 1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப் ஒரு முகாமில் சிறுவர்களை இரு அணிகளாக்கிப் போட்டியிட வைத்தார். ஒன்றாகச் சாப்பிட வைத்தபோதும் பகை குறையவில்லை. தண்ணீர் நின்றுபோய் இரு அணியும் சேர்ந்தால்தான் ஆகும் என்ற மாதிரி நிலைமைகள் வந்த பிறகே குறைந்தது.

அப்புறம், உற்பத்தி தொடங்கும் முன் நடக்கும் பி.பி. மீட்டிங்கில் துணி, லேபிள், பட்டன் எல்லாம் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடட்டும். எல்லாம் வராமல் கட்டிங் போடக்கூடாது. போட்டபின் உங்களைக் கேட்காமல் லைனை மாற்றக்கூடாது.

உங்கள் பங்கும் இருக்கிறது, அதுதான் இதில் கடினம். ஒருவர் தனியாக வந்து மற்றவரைப் பற்றிப் புகார் சொல்லத் தொடங்கினால், "இருங்க, அவரையும் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிடுங்கள். தனியாகக் கேட்டுத் தலையாட்டினால் இருவருமே முதலாளி தன் பக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். தொழிலாளர்கள் முன்னால் மரியாதையில்லாமல் பேசினால் மட்டும் பேசியவரை அன்றைக்கே தனியாக அழைத்துக் கண்டியுங்கள்.

இரண்டு மூன்று ஷிப்மென்ட் இப்படிப் போகட்டும். அதற்குப் பிறகும் ஒருவர் லேபிள் வராததையோ மெஷின் நின்றதையோ வேண்டுமென்றே மறைத்தால், அவரை அனுப்பத் தயங்காதீர்கள்.