இறங்கும்போது எஞ்சினை நிற்பாட்டுவதா?

கேள்வி: றோட்டவேற்றரில் (மண்ணைக் கிளறும் சுழல்கத்திக் கருவி) வைக்கோல் சுற்றினால் ட்ராக்டரை ஓடவிட்டபடியே இறங்கி எடுக்கிறோம். அடிக்கடி நிற்பாட்டினால் பற்றரி போய்விடுமாமே?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: பற்றரி போனால் வாங்கலாம், கை போனால்? எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் பீ.ரீ.ஓ. தண்டு, நிமிடத்துக்கு 540 சுற்று வேகத்தில் செக்கனுக்கு 9 தரம் சுற்றும்; சாரத்தின் நுனி பட்டாலே ஆளை இழுத்துவிடும். பீ.ரீ.ஓ.வை விடுவித்து, கியரை நியூற்றலாக்கி, கைபிரேக் போட்டு, எஞ்சினை நிற்பாட்டிச் சாவியோடு இறங்குங்கள். கத்திகள் முற்றாக நின்றபிறகே கை வைக்கலாம். கருவியை உயர்த்தி வைத்துத்தான் எடுக்கவேண்டுமென்றால் கட்டை முண்டு கொடுங்கள், அதைத் தூக்கிப்பிடிக்கும் ஹைட்ரோலிக்கை நம்பாதீர்கள்.

டேர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம்) உள்ள எஞ்சின் என்றால் கடும் உழவுக்குப்பின் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிற்பாட்டுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் டேர்போவுக்குள் எண்ணெய் கருகும். ஸ்டார்ட் திணறினால், முதலில் பற்றரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுடுநீரால் கழுவிப் பாருங்கள்.